வயர் வந்தாச்சா?

மார்ச் 3

என் இன்ஸ்பெக்டர் மகளுக்கு,

பேப்பரில் உன்னைப் பற்றி வந்த செய்தியை மாடி வீட்டு வாத்தியார்தான் முதலில் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து, "உங்க பொண்ணு ஒரு கட்டிடத்தையே நிறுத்திட்டா" என்று என் காதோரம் கத்தினார். லிஃப்ட் மெஷின் ரூம் சத்தத்தில் போன காது இது, அவர் எப்போதுமே கத்தித்தான் பேசுவார். அன்றைக்குக் கத்தியது தெருவுக்கே கேட்டது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

புதுக் கடைவளாகம், திறப்பு நாள், வாசலில் ரிப்பன் கட்டிப் பெரிய மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். லிஃப்டின் கதவு சுவிட்சை எவனோ வயரால் கட்டிவிட்டுப் போயிருக்கிறான், கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். லிஃப்ட் இன்ஸ்பெக்டராகச் சோதிக்கப் போன நீ சீல் வைத்துவிட்டாய். ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள் என்று முதலாளி கெஞ்சினாராமே. "ஒரு ஆள் விழ அரை நிமிஷம் போதும் சார்" என்று நீ சொன்னதைப் பேப்பர்காரன் அப்படியே போட்டிருக்கிறான். நானே பலமுறை படித்துவிட்டு, பிறகு வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வந்தவர்கள் எல்லாரும் படியேறித்தான் போனார்களாம். போகட்டும், உடம்புக்கு நல்லது.

வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் கிடந்தவனின் மகள் வேறு எப்படி இருப்பாள்? தெருமுனைக் கடைக்காரருக்கும் சலவைக்காரருக்கும் பேப்பரைக் காட்டியாகிவிட்டது. தபால்காரர் தானாகவே கேட்டு வாங்கிப் படித்தார்.

இன்னொரு சேதி. நீ வாங்கித் தந்த மைக்ரோவேவ் ஓவனுக்குக் கொஞ்சம் அடி பட்டுவிட்டது. எப்படி என்று கேட்காதே, பட்டுவிட்டது. கதவின் மேல்மூலை வளைந்து விரல் நுழைகிற அளவுக்கு விலகி நிற்கிறது. கண்ணாடியில் கீறல். கதவைப் பிடிக்கும் கொக்கி உடைந்துபோனது. கடைத்தெருவில் சர்வீஸ் கடை வைத்திருப்பவனிடம் தூக்கிக்கொண்டு போனேன். வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு, கதவு போன ஓவன் போனதுதான், தூக்கிப் போட்டுவிடுங்கள் பெரியவரே என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினேன். கதவு மூடினால் கொக்கி போய் சுவிட்சை அமுக்குகிறது, அமுக்கினால்தான் ஓவன் ஓடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். என் பழைய பெட்டியிலிருந்து ஒரு வயரை எடுத்து சுவிட்சின் இரண்டு முனையையும் சேர்த்தேன். போட்டதும் ஃபியூஸ் போனது. உள்ளே பார்த்தால், கதவு சரியாக மூடாமல் யாராவது ஓட்டினால் ஃபியூஸை எரித்துக் காட்டிக்கொடுப்பதற்கென்றே இன்னொரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோள்மூட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டேன். இப்போது ஜம்மென்று ஓடுகிறது. கதவை சைக்கிள் ட்யூப் துண்டால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். வெளிமூடி வளைந்துவிட்டதால் திரும்ப மாட்ட வரவில்லை. இருக்கட்டும், காற்றோட்டமாக இருக்கிறது.

என் பேத்தி வாலு எப்போது வருகிறாள்? லீவு முழுக்க இங்கேதான் என்று போன முறையே என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஜன்னலோரக் கட்டிலைத் தயார் செய்துவிட்டேன். காலையில் அவள் பாலை அவளே சுடவைத்துக்கொள்ளலாம், ஓவன் ரெடி.

அப்பா

*

மார்ச் 9

அப்பா,

இதற்கு மேல் படிக்கும் முன் எழுந்து போய் அந்த ஓவனின் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிவிட்டு, உள்ளே கை வைக்காமல் வந்து உட்காருங்கள். கடிதம் எங்கேயும் ஓடிப்போகாது.

நேற்று உங்கள் கடிதம் கிடைத்ததுமே போன் செய்தேன். ஓவன் நன்றாக ஓடுகிறது, கவலைப்படாதே என்று மூன்று முறை கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். நமக்குள் போன் என்றைக்கும் உதவியதில்லை.

நல்ல ஓவனை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, வாலு தினமும் அதைத் தொடுகிறாள். அதன் கதவு ஒழுங்காக மூடும்வரை உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். உங்கள் கதவில் விரல் நுழைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சைக்கிள் ட்யூபை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் வளைந்த தகடு நேராகாது. பாலைச் சுடவைக்கிற அதே அலை அந்த மூலை வழியாக வெளியே வரும், எதிரில் நிற்பவரின் சதையையும் பாலைப் போலத்தான் நடத்தும். கண்ணுக்குத்தான் மிகவும் கெடுதல். வாலு எப்படி நிற்பாள் என்று உங்களுக்குத் தெரியாதா? கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, டம்ளர் சுற்றுவதை முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். ஓவன் வைத்திருக்கும் உங்கள் அலமாரித் தட்டும் அவள் கண்ணும் ஒரே உயரம்.

மூடி இல்லாமல் வைத்திருப்பது அதைவிட மோசம். உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் கண்டென்சரும் இருக்கின்றன. வீட்டுக் கரண்டு அங்கே போய் இரண்டாயிரம் வோல்ட்டைத் தாண்டிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும், சில சமயம் வெகுநேரத்துக்கு. தொட்ட இடத்தில் ஆளை முடித்துவிடும், அப்பா. அதனால் வயரைக் கழற்றுகிறேன் என்று நீங்கள் திரும்ப அதற்குள் கை விடக்கூடாது. அந்த சர்வீஸ் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் உங்களைக் கேவலப்படுத்தவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கோள்மூட்டி என்று பிடுங்கிப் போட்ட சுவிட்ச் இருக்கிறதே, அதை வைத்தவர்கள் உங்களை மாதிரி ஒருவரை மனதில் வைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஓவன் வீட்டை விட்டுப் போகும்வரை வாலுவை அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பேப்பரைத் தெருவெல்லாம் காட்டியதற்கு நன்றி. சலவைக்காரர் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே.

உங்கள் மகள்

*

மார்ச் 14

மேன்மை தங்கிய இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

சலவைக்காரர், அப்பனைப் போலவே பொண்ணு என்றார். இப்போது நீ எழுதியிருப்பதைக் காட்டினால் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

ஷாஃப்டுக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கி வேலை பார்த்தவன் நான். நான் வேலை பார்த்த லிஃப்டில் ஒரு உயிர் போனதில்லை, ஒரு விரல் நசுங்கியதில்லை. என் சர்வீஸில் எந்த மேலதிகாரியும் என் வேலையில் குறை என்று ஒரு வரி எழுதியதில்லை. நான் பெற்ற பெண் எழுதிவிட்டாள். ரொம்ப சந்தோஷம்.

கதவருகில் கையை வைத்துப் பார்த்தேன். சூடு தெரியவில்லை, ஊசி குத்துவது போலவும் இல்லை. வாத்தியார் எதிரிலேயே நின்று தன் சூப்பைச் சுடவைத்துக்கொண்டு போனார். இன்றுவரை கண்ணாடி போடாமல்தான் செஸ் ஆடுகிறார், இன்றுவரை ஏமாற்றித்தான் ஜெயிக்கிறார். ஆள் அப்படியேதான் இருக்கிறார்.

லிஃப்டையும் இதையும் ஒரே தராசில் வைக்காதே. லிஃப்ட் ஆளைச் சுமக்கிறது. கதவு திறந்தபடி அது நகர்ந்தால் ஆள் விழுவான். இது ஒரு டம்ளர் பாலைச் சுமக்கிறது. இதற்குள் யார் விழப்போகிறார்கள்? பிளக்கைப் பிடுங்கினால் செத்த பெட்டி. எனக்குக் கரண்டு பாடம் எடுக்க நீ இன்னும் கொஞ்சம் வளர வேண்டும்.

வாலுவை அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன்னை இந்தக் கையில்தான் தூக்கி வளர்த்தேன். என் பேத்தியை என்னிடம் விட உனக்கு நம்பிக்கையில்லை என்று நேராக எழுதிவிடேன், எதற்கு ஓவன் மேல் பழி போடுகிறாய்? அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் செஸ் ஆடப் போகவில்லை.

ஓவனைத் தூக்கிப் போட முடியாது. ஏன் என்று கேட்காதே. முடியாது என்றால் முடியாது.

அப்பா

*

மார்ச் 20

அப்பா,

உங்களிடம் விட நம்பிக்கையில்லாமல் இல்லை. உலகத்தில் வேறு யாரிடமும் அவளை ஒரு ராத்திரிகூட விட்டதில்லை. உங்களிடம் மட்டும்தான் ஒரு மாதம் விடத் துணிந்தேன். இதைப் போனில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், நீங்கள் என்னவென்று கேட்டுக் கத்தியிருப்பீர்கள்.

கையை வைத்துப் பார்த்தீர்களாம். நெருப்பு என்றால் தோல் உடனே சொல்லிவிடும். இந்த அலை தோலுக்கு அடியில் போய்ச் சூடாக்கும், கண்ணுக்குள் நடந்தால் அதுவும் தெரியாது. இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதமில்லை. எவ்வளவு கசிகிறது என்று கையால் பார்க்க முடியாது, அதற்கென்று மீட்டர் இருக்கிறது. வாத்தியாரின் சூப்பை அவர் வீட்டு அடுப்பிலேயே சுடவைக்கச் சொல்லுங்கள். அவருடைய ஏமாற்று வேலையைப் பார்ப்பதற்காவது உங்கள் இரண்டு பேர் கண்ணும் நன்றாக இருக்க வேண்டும்.

தராசு பற்றிச் சொன்னீர்கள். எனக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று அடிக்கடி கேட்கிறார்கள். படிப்பிலிருந்து என்று சொல்லிவிடுகிறேன். அது பொய். சாப்பாட்டுத் தட்டிலிருந்து வந்தது.

வேலை முடிந்து வந்து நீங்கள் கை கழுவிவிட்டு உட்காருவீர்கள். அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் விடாமல், கையில் பிடித்துக்கொண்டே கேட்பாள். "வயர் வந்தாச்சா?" லிஃப்டைச் சோதிக்கும்போது கதவு சுவிட்சைக் கொஞ்ச நேரம் வயரால் சேர்க்க வேண்டி வருமாம். வேலை முடிந்து அதைக் கழற்ற மறந்தால் கதவு திறந்தபடியே லிஃப்ட் ஏறும், இறங்கும். மறக்கவே முடியாதபடி நீங்கள் அதற்கென்று கண்ணில் குத்துகிற சிவப்பில் ஒரே ஒரு வயர் வைத்திருந்தீர்கள். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "வந்தாச்சு" என்பீர்கள். "அப்ப உட்காருங்க, சாப்பிடலாம்" என்பாள் அம்மா. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை எதற்கு உட்காரச் சொல்கிறாள் என்று எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

ஒரு நாள் பையில் வயர் இல்லை. நல்ல மழை. போட்ட சோற்றை மூடி வைக்கச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். மாடி மாடியாக ஏறிப் பார்த்திருக்கிறீர்கள். கடைசியில் வயர் உங்கள் கருவிப் பெட்டியின் மூடிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. நனைந்து திரும்பியவருக்கு அம்மா துண்டை எடுத்துக் கொடுத்தாள். சோற்றைத் திரும்பச் சுடவைத்தாள். நான் தூங்குவது போல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களைப் பற்றி என்னென்னவோ சொல்வார்கள். நான் இதைத்தான் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தக் கடைவளாகத்து முதலாளி என் முன்னால் நின்றபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பேப்பரில் அது வரவில்லை. அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

அம்மா இல்லை, அதனால் நான் கேட்கிறேன். அந்த ஓவனுக்குள் நீங்கள் மாட்டியது எந்த வயர்? இப்போது அது எங்கே இருக்கிறது?

வாலு பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். நான்தான் பிரித்து உள்ளே வைத்தேன். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உங்கள் பேத்தியேதான்.

உங்கள் மகள்

*

மார்ச் 29

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. பேனா சரியில்லை, எழுத்து கோணலாக இருக்கும். முழங்கையை அலமாரியில் இடித்துக்கொண்டேன், வேறு ஒன்றுமில்லை. உள்ளிருக்கும் மின்விசிறி ஏதோ சத்தம் போட்டதால் ஓவனை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். வாலுவோடு சண்டை வேண்டாம். மற்றவை பிறகு.

அப்பா

*

ஏப்ரல் 3

அப்பா,

உறைமேல் முகவரி வாத்தியார் கையெழுத்து. உள்ளே இருப்பது உங்கள் இடது கை எழுத்து. பேனா சரியில்லை என்றால் ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கமாக இப்படிச் சாய்ந்து விழாது. முழங்கை இடித்தவருக்கு விரலால் பேனா பிடிக்க முடியாமல் போகாது.

வாத்தியாருக்குப் போன் செய்தேன். எதுவும் சொல்லக்கூடாது என்பது உங்கள் உத்தரவாம், வாக்குக் கொடுத்துவிட்டாராம். டாக்டர் பார்த்தாயிற்று, இதயத்தை வரைபடம் எடுத்துப் பார்த்ததில் பயமில்லை என்றார்கள் என்று அதை மட்டும் சொன்னார். முழங்கை இடித்ததற்கு எதற்கு இதயத்தைப் பார்த்தார்கள் என்று கேட்டேன்.  லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். செஸ்ஸில் ஏமாற்றத் தெரிந்த அளவுக்கு அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாலு வந்து, பேசாமல் இருந்தவள், என்னம்மா என்றாள். அவளிடம் என்ன சொல்வது? தாத்தா இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

பதில் வராவிட்டால் சனிக்கிழமை வண்டியேறி வந்துவிடுவேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். எதையும் பிரித்துப் பழுதுபார்த்து, பழுதாகாதென்றால் தயங்காமல் காயலான் கடைக்குப் போடுகிற மனிதர் நீங்கள். அம்மாவின் தையல் மெஷினையே அப்படித்தான் போட்டீர்கள். இந்த ஒரு பெட்டியை மட்டும் ஏன் விட மறுக்கிறீர்கள்?

உங்கள் மகள்

*

ஏப்ரல் 8

என் மகளுக்கு,

இதை வலது கையாலேயே எழுதுகிறேன். புறங்கையில் கட்டு இருக்கிறது, மெதுவாகத்தான் போகிறது. பொறுத்துக்கொள்.

உன் கேள்வியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த வயர் என்று கேட்டிருந்தாய். அதேதான். சிவப்புதான். பெட்டியைத் திறந்தபோது மேலே கிடந்தது, யோசிக்காமல் எடுத்து மாட்டியிருக்கிறேன். எத்தனையோ லிஃப்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்த வயரை என் சமையலறையில் விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டிருக்கிறேன். உன் அம்மா பார்த்திருந்தால் எனக்குத் தட்டே வைத்திருக்க மாட்டாள்.

உடனே கழற்றிவிட வேண்டும் என்று ஆத்திரம். நீ உள்ளே கை விடாதே என்று எழுதியிருந்தாய். கை விட்டேன். மகள் சொல்லிக் கேட்பதா என்கிற வீம்புதான், வேறென்ன. பிளக்கைப் பிடுங்கி, ஒரு காபி குடித்து முடித்துவிட்டுத்தான் போனேன். செத்த பெட்டி என்றுதானே எழுதியிருந்தேன். வயரின் முனையைத் தேடும்போது புறங்கை வேறெதிலோ பட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது, எதிர்ச் சுவரில் சாய்ந்து கிடக்கிறேன், அலமாரிப் பாத்திரமெல்லாம் என் மேல் கிடக்கிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் வாத்தியார் ஓடிவந்தார். டாக்டர் என்னைத் திட்டியதை எழுத மாட்டேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னப் பெண், ஆனால் உன்னைப் போலவே திட்டினாள்.

இனி, அடி எப்படிப் பட்டது என்கிற கதை. சிரிக்காதே. பேப்பரில் உன் செய்தி வந்த அன்றைக்குப் பழைய சகாக்கள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். பேப்பரைக் காட்டினேன். போதவில்லை. இதுவும் அவள் வாங்கித் தந்ததுதான், வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் தனக்கு ஒரு செருப்புகூட வாங்காமல் இதை வாங்கிக்கொண்டு வந்தாள் என்று சொல்லி, ஓவனைச் சமையலறையிலிருந்து ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆள் போய்ப் பார்க்கலாமே, ஓவனை எதற்குத் தூக்கி வர வேண்டும்? எனக்கே தெரியவில்லை. சமையலறை வாசற்படியில் கால் தடுக்கியது. என் உடம்பில் ஒரு கீறல் இல்லை, அது மட்டும் மேசை முனையில் கதவை மோதிக்கொண்டு விழுந்தது. உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளப் போய் நீ தந்ததை உடைத்தேன் என்று எப்படி எழுதுவேன்? ஓட வைத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். தையல் மெஷின் கதை வேறு. இது என் பெண்ணின் முதல் சம்பளம். இதைக் காயலான் கடையில் தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

போகட்டும், வைத்தாயிற்று.

சர்வீஸ் கடைக்காரனை நானே போய்க் கூப்பிட்டேன். என் கட்டைப் பார்த்தான், ஓவனைப் பார்த்தான். நல்ல பையன். "பிளக்கைப் பிடுங்கினதோட முடியாது பெரியவரே, உள்ள தேங்கி நிக்கிறதை முதல்ல இறக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையுறையும் அவனுடைய சாமான்களுமாக அவன் முறைப்படி இறக்கினான். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், நீயும் என் ஜாதிதானே. வயரைக் கழற்றி ஓரமாகப் போடப் போனான். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். எதற்கு என்றான். வீட்டில் கேட்பார்கள் என்றேன்.

காயலான் கடையிலிருந்து வேறு யாராவது எடுத்துப்போய் ஓட்டிவிடக்கூடாது என்று பிளக் வயரை அடியோடு வெட்டச் சொன்னான். அதை மட்டும் நான் வெட்டினேன். சுற்றும் கண்ணாடித் தட்டை வைத்துக்கொண்டேன். அதில் கரண்டும் இல்லை, கதிரும் இல்லை, நீயே வந்து சோதித்துக்கொள். மீதி எல்லாம் போய்விட்டது. பால் சுடவைக்க அடுப்பும் ஒரு சின்னப் பாத்திரமும் போதும்.

கடைவளாகத்து முதலாளி கெஞ்சியும் நீ விடவில்லை. அது பெரிய காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் யாரோ. பெற்ற அப்பன் கோபித்தும், குத்திக்காட்டியும், பேத்தியை வைத்து உன்னை அழ வைத்தும் நீ விடவில்லை பார், அதைப் பேப்பரில் போட மாட்டார்கள். நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். கடைக்காரர், சலவைக்காரர், தபால்காரர் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. என் வேலையில் குறை என்று எழுதிய ஒரே இன்ஸ்பெக்டர் என் பெண்தான் என்று சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று வாத்தியாரைக் கேள். அதை மட்டும் மறைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தோடு உறைக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்.

அப்பா

*

ஏப்ரல் 13

அப்பா,

உறையைப் பிரித்தது வாலு. சிவப்பாக ஏதோ விழுந்ததும், இது என்ன என்று கேட்டாள். சாப்பாட்டு மேசையிலேயே உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன், மழையில் சைக்கிளில் போனதிலிருந்து உங்கள் இடது கை எழுத்து வரை. ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "தாத்தா கழட்டிக் குடுத்துட்டாருல்ல, அப்ப போலாம்" என்று எழுந்து போய்ப் பையை வாசலில் வைத்துவிட்டாள். கண்ணாடித் தட்டில்தான் அவள் சாப்பிடுவாளாம். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு உங்கள் பாடு.

ஓவன் உடைந்த கதையைப் படித்து நான் சிரிக்கவில்லை. முதல் சம்பளத்தில் அதை வாங்கியபோது, இரண்டு பஸ் மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் பார்த்துவிட்டு, எதற்கு இந்தச் செலவு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது ஹால்வரை ஊர்வலம் போயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. போனது பெட்டிதான், அப்பா. உங்கள் கை திரும்பி வந்ததே, எனக்கு அது போதும்.

நேற்றுப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். கதவு சுவிட்சை வயரால் சேர்ப்பது பற்றித்தான் பாடம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு வயரை மேசைமேல் வைத்து, இது என் அப்பாவுடையது, தன் வேலையில் ஒரு முறை தவறினார், அவரே நிறுத்தி, இதைக் கழற்ற வைத்து எனக்கு அனுப்பினார் என்றேன். கடைசி வரிசையில் ஒருவர், உங்கள் அப்பா எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார் என்று கேட்டார். சொல்லும்போது என் குரலும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியத்துக்கு வந்து சேருவோம். வாலு ஒரு மாதம், நான் இரண்டு நாள். கட்டோடு சமையலறைப் பக்கம் போகாதீர்கள், நான் வந்து சமைக்கிறேன். வாத்தியாரையும் வரச் சொல்லுங்கள், செஸ் பலகையோடு.

வயரை என் பையிலேயே எடுத்துக்கொண்டு வருகிறேன், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. வந்தாச்சு, அப்பா. அம்மா சொல்ல வேண்டியதை அவளுக்குப் பதிலாக நானே இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்ப உட்காருங்க, சாப்பிடலாம்.

உங்கள் மகள்